பஞ்சு அடைத்த மூக்கு

தருமபுரியில் அல்தாப் நடத்தும் மெத்தைக் கடையில் புதிது தைப்பதைவிடப் பழையதைப் பிரிக்கும் வேலைதான் அதிகம். அடுத்தவர் வருடக்கணக்காகப் புரண்ட பஞ்சை உருவி, மெஷினில் போட்டு அடித்து, புது உறையில் திணிக்க வேண்டும். மூத்திரக் கறை, எச்சில் கறை, மூட்டைப்பூச்சி நசுங்கிய புள்ளிகள், ஒருமுறை காய்ந்துபோன எலிக்குஞ்சுகள். எல்லாம் அவருக்குப் பழகிவிட்டது. காலையில் எழுந்ததும் அடைத்துக் கிடக்கும் மூக்குதான் பழகவில்லை.

விடிந்ததும் வாஷ்பேசினில் குனிந்து காறுவார், உறிஞ்சுவார், மறுபடி காறுவார். சாம்பல் நிறச் சளி கயிறு மாதிரி தொங்கும். அவர் மனைவி குல்ஷன் அந்த நேரத்தில் டீயைக்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் குடிப்பார்.

"கொமட்டுதுங்க. ஆஸ்பத்திரிக்காச்சும் போங்களேன்."

அல்தாப் போகவில்லை. போனில் ஒரு வீடியோ பார்த்தார். ஒரு மூக்குத் துளையில் ஊற்றிய தண்ணீர் மறு துளையில் வழிந்தது. அதேபோல் மாடித் தொட்டித் தண்ணீரைக் குழாயில் பிடித்து, முனை நீண்ட பிளாஸ்டிக் பாட்டிலால் ஒரு வாரம் ஊற்றினார். நெற்றிக்குள் மிளகாய் அரைத்ததுபோல் எரிந்தது. அது தாங்காமல்தான் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனார்.

"எந்தத் தண்ணிய ஊத்துனீங்க?" என்றுதான் டாக்டரம்மா முதலில் கேட்டார்.

"எங்க தொட்டித் தண்ணிதாங்க."

"கொதிக்க வெச்சீங்களா?"

"குடிக்கறதுக்கா என்னங்க, மூக்குக்குத்தானே?"

"குடிச்சா ஒண்ணும் பண்ணாத கிருமிகூட மூக்கு வழியா ஏறுனா மூளைக்குப் போயிடும். அபூர்வம்தான். ஆனா வந்துட்டா பொழைக்கறது கஷ்டம். நல்லா கொதிக்க வெச்சு, மூடி ஆறவிட்டு, வெதுவெதுன்னு இருக்கறப்ப உப்புக் கலந்து ஊத்துங்க. வெறும் தண்ணின்னாதான் எரியும். பாட்டிலயும் தினம் கழுவிக் காய வைங்க."

உப்பும் சமையல் சோடாவும் அளவாகக் கலந்த பொட்டலத்தை மருந்துக்கடையில் வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அல்தாப் மாடியேறித் தொட்டி மூடியைத் திறந்தார். சுவரெல்லாம் பச்சை வழவழப்பு. மேலே புறா இறகு மிதந்தது. அடிச் சேற்றில் நூல் போலச் சிவப்புப் புழுக்கள் நெளிந்தன. இதையா மண்டைக்குள் ஊற்றிக்கொண்டோம் என்று நினைத்ததும் அங்கேயே வாந்தி எடுத்தார்.

தொட்டியைத் தேய்த்துக் கழுவிய பிறகும் கொதிக்காத தண்ணீரை அவர் மூக்கருகே கொண்டுபோகவில்லை. குல்ஷன் அதற்கென்று தனிப் பாத்திரத்தில் காய்ச்சி வைத்தார். அல்தாப் பேசினில் குனிந்து, தலையைச் சாய்த்து, வாயால் மூச்சு விட்டபடி மெல்ல ஊற்றினார். எரியவில்லை. ஆனால் வழிந்து விழுந்ததைப் பார்த்து உடம்பு கூசியது. சளிக்குள் பஞ்சு இழைகள். யார் யாரோ படுத்துப் புரண்ட பஞ்சு.

சில வாரங்களில் மூக்கு திறந்தது. போயிருந்த மோப்பமும் திரும்பியது. குல்ஷன் வெங்காயம் தாளித்த வாசனை வந்தபோது இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு கடைக்குப் போய் ஷட்டரைத் தூக்கினார். புளித்த வியர்வையும் பழைய மூத்திரமும் சிக்குப் பிடித்த தலையெண்ணெயும் சேர்ந்து முகத்தில் அடித்தன. இத்தனை வருடம் இதற்குள் உட்கார்ந்தா மதியச் சோறு தின்றோம் என்று படியிலேயே நின்றுவிட்டார்.

அந்த வாரம், தொப்பூர் பக்கம் லாட்ஜ் நடத்தும் மாதவராஜ் வழக்கம்போல மெத்தைகளை வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். அல்தாப் ஒரு மெத்தையின் தையலைக் கொஞ்சம் பிரித்ததும் கையை எடுத்துக்கொண்டார்.

"இத நான் பிரிக்க மாட்டேங்க. வேற புதுசு போட்டுக்கங்க."

"போன வருசம் இதே மெத்தையத்தானே பாய் அடிச்சுக் குடுத்தீங்க?"

"போன வருசம் எனக்கு மூக்கு இல்லீங்க."

மாதவராஜ் குனிந்து மோந்து பார்த்தார். மெத்தைகளைத் திரும்ப வண்டியில் ஏற்றச் சொன்னார்.

அல்தாப் இப்போது வீட்டு மெத்தைகளை மட்டும்தான் வாங்குகிறார். வெயிலில் போட்டு, முகக்கவசம் கட்டிக்கொண்டு, கடைக்கு வெளியே வைத்துப் பிரிக்கிறார். வெளியூரில் தங்க நேர்ந்தால் லாட்ஜ் கட்டிலில் உட்காருவதுகூட இல்லை. வெறுந்தரையில் துண்டை விரித்துப் படுத்துக்கொள்கிறார்.