மேனேஜரும் மேடமும்

சலவைக்கூடத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மடிப்பு என்றால் எல்லோருக்கும் தெரியும். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளை நீராவி உருளையில் விட்டு எடுத்து மடித்து அடுக்குவது அவர் வேலை. ஓரத்தோடு ஓரம் நூல் பிசகாது. அதோடு விட்டாரா? சாப்பாட்டுப் பொட்டலம் சுற்றிய காகிதத்தைக்கூட நான்காக மடித்துத்தான் குப்பையில் போடுவார். கைக்குட்டையைச் சுருட்டிப் பையில் திணிக்கிறவனைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது.

மனைவி போன பிறகு வீட்டில் அவரும் ஒரு கிழட்டு நாயும் மட்டும். வேலை ஒன்றும் செய்யாமல் வாசலை மறித்துப் படுத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவரை முறைத்துப் பார்ப்பதால் அதற்கு மேனேஜர் என்று பெயர். ஒரே மகள் கல்யாணமாகி ஊரின் மறுகோடியில் இருந்தாள். இரண்டு பஸ் மாற வேண்டும். அதைச் சொல்லிச் சொல்லியே அவள் வருவது அரிதாகிப்போனது. அவரும் வா என்று சொன்னதில்லை. பெற்ற மகளிடம் போய்க் கெஞ்சுவதா என்று ஒரு வீம்பு. வீம்பு வந்து துணைக்கு உட்காரவா போகிறது? ஞாயிற்றுக்கிழமைகளில் மேனேஜரிடம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பார். அது கொட்டாவி விடும்.

அப்படியிருக்கையில்தான் மகள் வீடு மாறினாள். வளர்ப்புப் பிராணி எதுவும் கூடாது என்று புது வீட்டுக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். ஆசை ஆசையாய் வளர்த்த முயலைக் கூண்டோடு தூக்கிக்கொண்டு அப்பா வீட்டு வாசலில் வந்து நின்றாள். முகம் அழுது வீங்கியிருந்தது. வெள்ளையும் சாம்பலுமாய் இருந்த அந்த முயல் மேனேஜரைக் கண்டதும் பின்னங்காலால் கூண்டுத் தரையில் ஓங்கி ஓர் அறை விட்டது. மேனேஜர் எழுந்து நின்றது. அது தானாக எழுந்து நின்று வெகுகாலம் ஆகியிருந்தது.

"இந்த நாய நெனச்சாத்தான்பா எனக்குப் பயமா இருக்கு" என்றாள் மகள்.

மிருக வைத்தியரிடம் கேட்டு வந்ததையெல்லாம் அவருக்குச் சொன்னாள். முயலுக்குத் தனி அறை. கதவு சாத்தியிருக்க வேண்டும். நாய் படுத்த துணியை முயலுக்கும் முயல் படுத்த துணியை நாய்க்கும் மாற்றி மாற்றிப் போட வேண்டும். முகம் பார்க்கும் முன்னே வாசனை பழகிவிடும். பிறகு நடுவில் வலை வைத்துப் பார்க்கவிட வேண்டும். அதற்கும் பிறகுதான், நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, ஒரே அறையில். எவ்வளவு நல்ல நாயானாலும் ஆள் இல்லாமல் இரண்டையும் சேர்த்து விடவே கூடாது. ஓடுகிறதைக் கண்டால் துரத்துவது நாயின் ரத்தத்தில் இருக்கிறது. கடிக்கக்கூட வேண்டாம், பயத்திலேயே முயல் செத்துப்போகும். இரண்டும் பழகும்வரை வாராவாரம் வந்து பார்ப்பதாகவும், சரிப்பட்டு வரவில்லையென்றால் ஒரு தோழி கேட்டிருக்கிறாள், அவளிடம் கொடுத்துவிடுவதாகவும் சொல்லிவிட்டுப் போனாள்.

வாராவாரம் என்றது மட்டும் அவர் காதில் தேனாய் விழுந்தது. மற்றதையும் கேட்டுக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம்.

சொன்னபடி வந்தாள். முதல் ஞாயிறு காலையிலேயே வந்து, முயலைக் கொஞ்சிவிட்டு, அப்பாவின் அடுப்படியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, சமைத்துப் போட்டு, சாயங்காலம்தான் கிளம்பினாள். அடுத்த ஞாயிறும் அப்படியே. மகள் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்தபோது அவருக்கு உச்சி குளிர்ந்தது. கூண்டுக்குள் மகாராணி மாதிரி இருந்து ஆளை அதட்டும் முயலுக்கு மேடம் என்று பெயர் வைத்தார். மகள் சிரித்தாள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டே எத்தனை காலமாயிற்று.

ஆனால் மேனேஜரும் மேடமும் எலியும் பூனையுமாகவே இருந்தன. இவர் கதவைத் திறக்கப் போனாலே நாய் இடுக்கில் மூக்கை நுழைத்து முனகும். உள்ளே காலால் அறையும் சத்தம் கேட்கும். தினமும் தவறாமல் துணி மாற்றியும் பலன் இல்லையே என்று சலவைக்கூடத்தில் ஒருநாள் புலம்பினார். அறுந்த பொத்தான்களைத் தைக்கிற பெண் எதிரில் இருந்தாள். பொத்தான் அக்கா என்று ஊரே கூப்பிடும். இவருக்கு மட்டும் அவள் தங்கச்சி. எப்படி மாற்றுகிறீர்கள் என்று கேட்டாள். எப்படி மாற்றுவார்கள்? நாயின் துணியை எடுத்து, சோப்புப் போட்டு அலசி, வெயிலில் காயவைத்து, இஸ்திரி போட்டு, நான்காக மடித்து மேடத்துக்கு. மேடத்தின் துணியும் அதே மாதிரி மேனேஜருக்கு. அழுக்குத் துணியை ஒரு ஜீவனுக்கு விரிப்பதா, சலவைக்காரன் செய்கிற காரியமா அது?

ஊசியைக் கீழே வைத்துவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் நீராவி உருளைக்காரர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"வாசனை பழகத்தாண்ணே துணிய மாத்தச் சொன்னாங்க. நீங்க வாசனையத் தொவச்சுத் தொங்கப்போட்டுட்டு வெறும் துணிய மாத்தறீங்க."

மனுஷனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் வேறொரு கணக்கு மனதில் ஓடிற்று. இரண்டும் பழகிவிட்டால் மகள் எதற்கு வரப்போகிறாள்? அடியோடு பழகாவிட்டால் முயல் தோழி வீட்டுக்குப் போய்விடும், அப்போதும் வரமாட்டாள். பழகியும் பழகாமலும் இழுத்துக்கொண்டே போனால்தான் ஞாயிற்றுக்கிழமை அவருக்கு. வீட்டுக்குப் போனார். மேனேஜரின் துணியை எடுத்தார். சோப்பை எடுத்தார். அன்றும் துவைத்தார்.

இதற்கு என்ன பெயர் வைப்பது? திருட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மகள் வந்து "எப்படிப்பா போகுது?" என்று கேட்டால், "ஏதோ கொஞ்சம் கொஞ்சமா பழகுதும்மா" என்பார். அவளும் நம்பிவிட்டு அடுத்த வாரமும் வருவாள். இப்படியே சில வாரம் வண்டி ஓடியது.

ஒருநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால், காலையில் வைத்த புல் வைத்தபடி இருந்தது. கூண்டு மூலையில் மேடம் உடம்பைக் குறுக்கிக்கொண்டு கிடந்தது, மூக்குகூட அசையவில்லை. அறைக் கதவின் வெளிப்பக்கம் நகக்கீறல். ஆள் இல்லாத நேரமெல்லாம் மேனேஜர் கதவைப் பிறாண்டியிருக்கிறது. கூண்டைத் தூக்கிக்கொண்டு வைத்தியரிடம் ஓடினார். முயல் சாப்பிடாமல் இருந்தால் வெகு சீக்கிரம் ஆபத்து, கொண்டுவந்ததே நல்லதாயிற்று, பயந்துபோயிருக்கிறது என்றார் வைத்தியர். மருந்தை அதன் வாயில் ஊற்றும்போது விரலடியில் அந்தச் சின்ன இதயம் படபடவென்று அடித்துக்கொண்டது. தன் தனிமைக்கு இந்த வாயில்லாப் பூச்சியைக் காவு கொடுக்கப் பார்த்தோமே என்று அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் மேனேஜர் படுத்திருந்த துணியை ரோமமும் நாற்றமுமாக அப்படியே எடுத்தார். கை தன்னால் மடிக்கப் போயிற்று. மடிக்காமல் கொண்டுபோய்க் கூண்டில் போட்டார்.

பிறகு நடந்ததைச் சொல்ல அதிகம் இல்லை. மேடம் முதலில் விலகிப் போனது. பிறகு மோந்து பார்த்தது. கொஞ்ச நாளில் அதன் மேலேயே உட்கார்ந்து புல் தின்றது. மேனேஜர் தன் பங்குக்கு முயல் துணியில் மோவாயை வைத்துத் தூங்கியது. கதவைப் பிறாண்டுவதும் நின்றது. அப்புறம் வலை, அப்புறம் கயிறு. மகள் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்க, மேடம் தத்தித் தத்தி வந்து கிழட்டு நாயின் முன்னங்காலை முகர்ந்துவிட்டு அதன் பக்கத்திலேயே உடம்பை நீட்டிப் படுத்துக்கொண்டது. நாய் பெருமூச்சு விட்டது. மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"இனிமே எனக்குக் கவலையே இல்லப்பா" என்றாள்.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. தனியே விடக் கூடாது என்று மகள் சொல்லியிருந்ததால் வேலைக்குப் போகும்போது முயல் அறையைப் பூட்டினார், வந்ததும் திறந்தார். சாயங்காலம் இரண்டும் அவர் காலடியில் கிடக்கும். அவர்தான் என்ன செய்வதென்று தெரியாமல் ஏற்கெனவே மடித்ததைப் பிரித்து மறுபடி மடிப்பார்.

ஒரு சாயங்காலம் மகள் போன் பண்ணினாள்.

"ரெண்டும் எப்படிப்பா இருக்கு? நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கும்மா."

"சண்ட ஒண்ணும் இல்லையே?"

"இல்ல."

"அப்ப சரிப்பா, வெச்சிடவா?"

வை என்றுதான் சொல்ல வந்தார். அத்தனை வருஷமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்.

"அதுங்க ரெண்டும் நல்லாத்தாம்மா இருக்கு" என்றார். "நான்தான் நல்லா இல்ல. முயலப் பாக்க வேண்டாம், என்னப் பாக்க வா."

அவள் வைத்துவிடவில்லை. மூச்சு விடுவது கேட்டது. அவரும் வைக்காமல் நின்றுகொண்டிருந்தார்.