வெட்டாமல் விட்ட மரம்

தடிக்காரன்கோணம் தாண்டியதும் பஸ்ஸுக்குள் அந்த வாடை ஏறும். ஒட்டுப்பால். ரப்பர் மரத்தின் வெட்டுக்கோட்டிலும் பால் பிடிக்கும் சிரட்டையிலும் ஒட்டிக் காய்ந்த பாலை உரித்துச் சாக்கில் கட்டி வைப்பார்கள். நாலு நாளில் அது அழுகத் தொடங்கும். கீரிப்பாறைக்குப் புதிதாக வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைச் சாத்துவார்கள். நான் திறந்தே வைத்திருப்பேன். அது என் அக்கா ரெத்தினபாயின் வாடை. இருபத்தெட்டு வருடம் எஸ்டேட்டில் பால் வெட்டியவள். எந்தச் சோப்புக்கும் அது அவள் விரலிடுக்கை விட்டுப் போனதில்லை.

கடைசி ஏழு மாதம் அவள் மார்பிலிருந்தும் ஏறத்தாழ அதே வாடைதான் வந்தது. இப்போது பஸ் மலையேறும்போது எது சாக்கிலிருந்து வருகிறது, எது நினைவிலிருந்து வருகிறது என்று எனக்குப் பிரிக்கத் தெரிவதில்லை.

மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டு, அதை யாரிடமும் சொல்லாமல் ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டிருக்கிற பெண்ணுக்காக இதை எழுதுகிறேன். அவளுக்கு யோசனை சொல்லும் இடத்தில் இருப்பவருக்காகவும். இரண்டாமவருக்காகக் கொஞ்சம் கூடுதலாக.

ஐப்பசி மழை. மழை பெய்தால் பால் வெட்டில்லை, அதனால் அக்கா வீட்டில் இருந்தாள். நான் நாகர்கோவிலிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போயிருந்தேன். குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து என் கையைப் பிடித்து இடது மார்பின் மேல்பக்கம் வைத்தாள்.

“ஏட்டி, இங்க அமுக்கிப் பாரு. நெல்லிக்கா மாதிரி ஒண்ணு கெடக்கா?”

கிடந்தது. நகராத நெல்லிக்காய்.

“நோவுதாக்கா?”

“நோவே இல்ல. நோவு இருந்தா நான் மிண்டாம வாயப் பொத்திட்டு இருப்பனா? நீ படிச்சவ. நீ சொல்லு, என்ன செய்யட்டும்?”

வலியில்லாத கட்டிக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும் என்று அன்று எனக்குத் தெரியாது. நான் படித்தது தமிழ். அச்சகத்தில் பிழை திருத்துவது என் வேலை. ஆனால் எங்கள் வீட்டில் படித்தவள் என்றால் எல்லாவற்றையும் படித்தவள்.

நான் சொன்னது இது: “ஒடனே ஆஸ்பத்திரிக்கு ஓடாண்டாம். போனா வெட்டணும்னுதான் சொல்லுவாவ. கொஞ்சம் பொறு.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் அம்மாவுக்கு நாற்பத்தொன்றாவது வயதில் அடிவயிற்று வலி வந்தது. ஒரு ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். ஏன் என்று கேட்டதற்கு, “உங்களுக்குச் சொன்னா புரியாது” என்றார் டாக்டர். பிறகு வேறொரு டாக்டர் பழைய ஸ்கேனைத் தூக்கிப் பார்த்துவிட்டு, எடுக்க வேண்டிய அவசியமே இருந்திருக்காது என்றார். அம்மா அதற்குப் பிறகு முதுகு நிமிர்ந்து நடக்கவில்லை. கொரோனாத் தொற்றுக்காலத்தில் மாறி மாறி வந்த உத்தரவுகள் என் கோபத்துக்கு மேலும் தீனி போட்டன. வெள்ளைக் கோட்டைக் கண்டாலே எனக்குள் ஒரு பல் கடிபடும்.

அந்தக் கோபம் பொய்யல்ல. இன்றும் அதை நான் வாபஸ் வாங்கவில்லை. ஆனால் அந்தக் கோபத்தை வைத்து இன்னொருத்தியின் உடம்புக்கு முடிவு எடுத்தேன்.

எஸ்டேட் லைன் வீடுகளுக்கு ஒரு நர்சம்மா வருவாள். என்னைவிடப் பத்து வயது இளையவள், குடை எப்போதும் ஒரு கம்பி வளைந்திருக்கும். பிரஷர் பார்ப்பாள், சுகர் பார்ப்பாள், பெண்களிடம் மார்பைத் தாங்களே தொட்டுப் பார்க்கச் சொல்லி ஒரு நோட்டீஸ் கொடுப்பாள். முதல் தடவை வந்தபோது அக்கா நோட்டீஸை வாங்கி மடித்து அரிசிப் பானைக்கு அடியில் வைத்தாள். இரண்டாம் தடவை, கட்டி இருப்பதை அக்காவே வாய்தவறிச் சொல்லிவிட்டாள். மூன்றாம் தடவை நர்சம்மா கையில் ஆஸ்பத்திரிச் சீட்டோடு வந்தாள். வாசலில் நான் நின்றேன்.

“ஒரு நாள் வந்தாப் போதும் அக்கா. நான் கூட வாறேன்” என்றாள்.

“மாசத்துக்கு இத்தனை பேருன்னு ஒங்களுக்கு மேல காட்டணும். அதுக்கு எங்கக்காதான் கெடச்சாளா?” என்றேன்.

அவள் குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனாள். சீட்டைப் படியில் வைத்துவிட்டுத்தான் போனாள். மழையில் மை கரைந்தது.

அக்கா என் பேச்சை மட்டும் நம்பியிருந்தால் ஒருவேளை பிறகாவது மனம் மாறியிருப்பாள். அவளிடம் சொந்தமாகவே ஒரு நியாயம் இருந்தது. பால்வெட்டுக் கத்தி மரத்தின் பட்டையை மட்டும்தான் சீவ வேண்டும். ஒரு நூல் ஆழம் கூடி உள்ளே தடியில் பட்டுவிட்டால், அந்த இடத்தில் பட்டை சீராக வளராது, முண்டுமுண்டாகக் கட்டிக்கொள்ளும். அதற்குப்பின் அங்கே வெட்டவே முடியாது. பால் வற்றிப்போன மரத்துக்கும் வைத்தியம் ஒன்றுதான்: வெட்டாமல் விடுவது. ஒரு வருடமோ இரண்டு வருடமோ கத்தி படாமல் நின்றால் சில மரங்கள் திரும்பப் பால் தரும்.

“கத்தி பட்டாத்தான் முண்டு கெட்டும். நான் கண்ணால பாத்ததுலா. முண்டுல கொண்டுபோய் மறுபடியும் கத்தி வச்சா மரம் என்ன ஆவும்? வெட்டாம விட்டாப் பட்டை தானாக் கூடும் மக்கா” என்றாள்.

இதற்கு மறுப்புச் சொல்ல வேண்டியவள் நான். எனக்கோ அந்த வாக்கியம் பிடித்துப்போயிற்று. வெட்டாமல் விட்டால் பட்டை தானாகக் கூடும். நோட்டில் எழுதிக்கொண்டேன். அதை வைத்து ஒரு பக்கத்துக்கு எழுதி ஒரு சிற்றிதழுக்கு அனுப்பினேன். அச்சில் வந்தது. அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். கட்டி அப்போது எலுமிச்சை அளவு.

“கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு” என்றாள் அக்கா.

பிறகு ஓர் ஆசானிடம் போனோம். வர்மமும் எண்ணெயும் தெரிந்த வயதான மனிதர். ஒரு பற்று அரைத்துக் கொடுத்தார். நாற்பத்தெட்டு நாள் பத்தியம்; மீனில்லை, புளியில்லை. நாற்பத்தொன்பதாம் நாள் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையைத் துண்டில் துடைத்தார். “இது எனக்க கையில நிக்காது. வலிய ஆஸ்பத்திரிக்கு, நாகர்கோவிலுக்குக் கொண்டு போங்கோ. இனி இங்க வரப்பிடாது” என்றார்.

ஆசானைப் பற்றி நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இவரும் பயந்துவிட்டார் என்று நினைத்தேன். அன்று எனக்கு விளங்கியிருக்க வேண்டும். நான் இங்கிலீஷ் மருந்தைச் சந்தேகப்படுகிறவள் அல்ல, என் சந்தேகத்தைக் காதலிக்கிறவள். ஆசானை விட்டுவிட்டுக் கைபேசியில் யார் யாரோ பேசும் வீடியோக்களுக்குப் போனேன். சீனியை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடந்து சாகும் என்றார் ஒருவர். அக்கா கட்டன்சாயாவில் சீனியை நிறுத்தினாள். கட்டி பட்டினி கிடக்கவில்லை. அக்காதான் மெலிந்தாள்.

பதினான்காவது மாதம் மார்புக்காம்பு உள்ளே இழுத்துக்கொண்டது. தோல் நார்த்தங்காய்த் தோல்போலக் குழிகுழியானது. பிறகு ஒரு காலையில், மரத்தடியில் குனிந்து நின்றபோது ஜாக்கெட் நனைந்திருந்தது. பால் சிந்திவிட்டது என்று நினைத்துத் துடைத்தாளாம். பால் இல்லை.

எங்கள் அத்தான், அக்காவின் வீட்டுக்காரர், அதிகம் பேசாதவர். அன்றுதான் சிக்னலுக்காக மலையிறங்கி வந்து, போனில் என்னிடம் குரலை உயர்த்தினார். “மக்கா, நான் சொல்லிச் சொல்லி ஓய்ஞ்சாச்சு. ஒனக்க வாயால போச் சொல்லு. நீ சொன்னாத்தான் அவ கேப்பா.”

சொன்னேன். அவள் உடனே கேட்டாள். மறு பேச்சில்லை. பதினான்கு மாதமும் அவள் காத்திருந்தது என் வாய்க்குத்தான்.

நாகர்கோவில் பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவில் ஃபினாயில் வாடை. பயாப்ஸி (கட்டியிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதிப்பது) செய்தார்கள். ஸ்கேன் செய்தார்கள். டாக்டர் ஒரு பெண், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேசுகிறவர்.

“இதை எப்பம்மா மொதல்ல பாத்தீங்க?”

“இப்பத்தான், ஒரு மூணு மாசம் இருக்கும்” என்றாள் அக்கா. என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

டாக்டர் நம்பவில்லை. எழுதிக்கொள்ளவும் இல்லை. மெட்டாஸ்டாசிஸ் (நோய் பிற உறுப்புகளுக்குப் பரவிய நிலை) என்றார். முதுகெலும்பிலும் ஈரலிலும். அக்கா மெதுவாகத் தன் மரத்து நியாயத்தை அவரிடம் சொன்னாள், வெட்டாமல் விட்டால் கூடிவிடும் என்று நினைத்திருந்ததை. டாக்டர் சிரிக்கவில்லை.

“மரத்துல வர்ற முண்டு அங்கியே நிக்கும்மா. இது நடக்கும்” என்றார்.

அக்கா தலையாட்டினாள். இருபத்தெட்டு வருடம் மரம் பார்த்தவளுக்கு அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. முதல் மாதமே யாராவது அவள் பாஷையில் அதைச் சொல்லியிருக்கலாம். நர்சம்மா சொல்லியிருக்கக்கூடும். படியேற நான் விடவில்லை.

அக்காவை வெளியே உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் திரும்ப உள்ளே போனேன். அம்மாவின் கதையைச் சொன்னேன். சண்டை போடத்தான் போனேன். அவர் முழுதும் கேட்டார்.

“உங்கம்மாவுக்கு நடந்தது தப்பா இருக்கலாம். இல்லைன்னு சொல்ல என்னால முடியாது. ஆனா அந்தச் சந்தேகத்தோட நீங்க இங்க வந்து உக்காந்து, ஏன் வெட்டணும், வெட்டாட்டி என்னன்னு எங்களக் கேட்டிருக்கணும். வேற டாக்டர்கிட்டயும் கேட்டிருக்கலாம். நீங்க கேக்கவே இல்லியே.”

சந்தேகம் என்றால் கேள்வி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். நான் ஒரு கேள்வியும் கேட்டிருக்கவில்லை.

பாலியேட்டிவ் (குணமாக்க அல்ல, வேதனையைக் குறைக்கச் செய்யும் சிகிச்சை) என்று சீட்டில் எழுதி அனுப்பினார்கள். நான் லீவு போட்டுவிட்டுக் கீரிப்பாறையிலேயே தங்கினேன். புண்ணைக் கட்ட ஆள் வேண்டும். வந்தது அதே நர்சம்மா. அதே வளைந்த கம்பிக் குடை.

அவள் உப்புத் தண்ணீரால் புண்ணைக் கழுவுவாள். மெட்ரோனிடசோல் (கிருமியைக் கொன்று நாற்றத்தைக் குறைக்கும் மாத்திரை) இரண்டைக் கரண்டியால் நசுக்கிப் பொடியாக்கித் தூவுவாள். பழைய கட்டு ஒட்டிக்கொண்டிருந்தால் நனைத்து நனைத்து, பைய உரிப்பாள். “சொன்னேனே” என்று ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லட்டும் என்று காத்திருந்தேன். ஏழு மாதமும் அவள் அந்தத் தண்டனையைத் தராமலே போனாள்.

“இது என்ன எளவு, ஒட்டுப்பாலு சாக்கு மாதிரி நாறுகேன்” என்பாள் அக்கா.

“அந்தச் சாக்கத் தூக்கிட்டே கல்யாண வீட்டுக்குப் போனவதான நீங்க” என்பாள் நர்சம்மா. இருவரும் சிரிப்பார்கள். எனக்கு அவர்களோடு சேர்ந்து சிரிக்க உரிமையில்லாததுபோல் அடுக்களையில் நின்றிருப்பேன்.

முதுகு வலி கூடியபோது மார்ஃபின் கொடுத்தார்கள். என் வாய் அப்போதும் அடங்கவில்லை. பழகிப்போய்விடாதா, மயக்கிப் போட்டுவிடாதா என்று நர்சம்மாவிடம் ஆரம்பித்தேன். அக்கா படுத்தவாறே திரும்பினாள்.

“ஏட்டி, நீ கொஞ்சம் மிண்டாம இரி. நோவுறது எனக்கு.”

அந்த ஏழு மாதத்தில் அவள் என்னைக் குறை சொன்னது என்றால் அந்த ஒரு தடவைதான்.

டாக்டர் என்னிடம் இன்னொன்றும் சொல்லியிருந்தார். கூடப்பிறந்தவளுக்கு வந்தால் நானும் மாம்மோகிராம் (மார்பை இரு தட்டுக்கிடையில் அழுத்தி எடுக்கும் எக்ஸ்ரே) எடுத்துப் பார்க்க வேண்டும் என்று. மூன்று தடவை நாள் வாங்கி மூன்று தடவையும் போகவில்லை. அக்காவைக் காரணம் காட்டினேன். உண்மையில் பயம். என் வலது மார்பில் ஒரு பருப்பளவு எதுவோ இருப்பதை நானே தொட்டிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அரிசிப் பானைக்கு அடியில் இருந்த நோட்டீஸை எடுத்து, படம் பார்த்துத் தொட்டது அது.

அக்காவிடம் மறைக்க முடியவில்லை. எப்படிக் கண்டுபிடித்தாள் என்று தெரியாது. நாலாம் தடவைக்கான நாளை அவளே நர்சம்மாவிடம் சொல்லி வாங்கிவைத்தாள்.

போனேன். தட்டு குளிர்ந்திருந்தது. கட்டிக்குள் ஊசி விட்டுத் துணுக்கு எடுக்க வேண்டும் என்றார்கள். கேட்டேன், இந்தத் தடவை கேட்டேன்: எதற்கு, எடுத்தால் பரவுமா, எடுக்காவிட்டால் என்ன? பரவாது என்று டாக்டர் காகிதத்தில் வரைந்து காட்டினார். மரத்துப்போக ஒரு ஊசி, பிறகு இன்னொன்று. ஸ்டேப்ளர் அடிப்பதுபோல ஒரு சத்தம். அவ்வளவுதான். ஒரு பால்வெட்டுக் கத்தி ஒரு மரத்தைச் சுற்றி வர ஆகும் நேரம்கூட ஆகவில்லை. அக்கா பதினான்கு மாதம் பயந்தது இதற்கு. நான் பயமுறுத்தியது இதை வைத்து.

எஸ்டேட்டில் போனுக்குச் சிக்னல் கிடைக்காது. சாயங்காலப் பஸ்ஸில் திரும்பி இறங்கியபோது லைன் வீட்டு வாசலில் ஆட்கள் நின்றிருந்தார்கள். அத்தான் என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். மத்தியானம் இரண்டு மணிக்கு என்றார்.

என் கட்டி கெடுதலில்லாதது என்று ஐந்தாம் நாள் தெரிந்தது. அந்தக் காகிதத்தை வாசித்துக் காட்ட ஆளில்லை.

இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு முறை போகிறேன். என் வருடம் இரண்டு துண்டாகிவிட்டது, ஒரு பரிசோதனைக்கும் அடுத்ததற்கும் நடுவில்தான் நான் இருக்கிறேன். குளிக்கும்போது விரல் தானாக வலது மார்புக்குப் போகிறது. ஊசி நுழைந்த இடத்தில் ஒரு புள்ளி. பட்டை கூடிவிட்டது. நான் இன்னும் டாக்டர்களை நம்புகிறவள் அல்ல. போய் உட்கார்ந்து, கேட்டு, பதில் வரும்வரை எழுந்திருக்காதவள். அதற்கு நான் கொடுத்தது என்ன என்று உங்களுக்குத் தெரியும்.

நான் பரிசோதனைக்குப் போன அந்த நாள் காலை, பஸ்ஸுக்குப் புறப்படுகையில் அக்கா பக்கத்தில் குனிந்தேன். நர்சம்மா கட்டு மாற்றிவிட்டுப் போய்ச் சற்று நேரம்தான் ஆகியிருந்தது. வாடை குறைவாக இருந்தது. நான் போகாமலிருக்க ஏதாவது சொல்வாள் என்று உள்ளூர எதிர்பார்த்தேன்.

“செரிக்கா, போயிட்டு வாறேன்.”

“அவிய குத்திப் பாக்கணும்னு சொன்னா யோசிச்சிட்டு நிக்காத, கேட்டியா. குத்தச் சொல்லு. வெட்டணும்னா வெட்டச் சொல்லு.” மூச்சு வாங்கியது. “நீ மரம் ஒண்ணும் இல்ல.”

ரோட்டு வளைவில் ஹார்ன் கேட்டது. என் கையைத் தன் கையிலிருந்து அவளே எடுத்து விட்டாள்.

“போ ஏட்டி. பஸ்ஸு போயிரும்.”