கேட்காமலே திறந்த பை

போன வியாழக்கிழமை முயலுக்குக் கேரட் கொடுக்கப் போனோம்.

அதென்ன வியாழக்கிழமை? என் வீட்டுக்காரருக்குக் கம்பெனியில் அன்றுதான் வார லீவு. ஓசூரில் பாதிப் பேருக்கு ஞாயிறு எந்தக் கிழமையில் வரும் என்பதைக் கம்பெனிதானே முடிவு செய்கிறது!

கேரட் எங்கள் மகள் ஹரிணியுடையது. தாமதமாகப் பிறந்த ஒரே பெண், எல்.கே.ஜி. படிக்கிறாள். கர்நாடக எல்லையைத் தாண்டி ஆனேக்கல் பக்கம் ஒரு பண்ணை இருக்கிறது, நம் கையாலேயே முயலுக்குத் தீனி கொடுக்கலாம் என்று யாரோ சொல்ல, அதைக் கேட்டதிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. மார்க்கெட்டில் ஒல்லிக் கேரட்டாக அவளே பொறுக்கினாள் — முயலுக்கு வாய் சின்னதாம். தலையணைக்கு ஊட்டி ஊட்டி ஒத்திகை வேறு. கிளாஸ் மிஸ்ஸிடமும் சொல்லியாகிவிட்டது. இனி முயல் சாப்பிட்டே ஆக வேண்டும்.

இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தோம். வாசலில் வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்து கன்னடப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். டிக்கெட்டை வாங்கிக் கிழித்தார். பேப்பருக்குள் திரும்பிப் போய்விட்டார்.

நாங்கள் பேசாமல் உள்ளே போயிருக்கலாம். போனோமா?

என் வீட்டுக்காரர் அவர் எதிரில் போய் நின்றார். தோளில் இருந்த பையை இறக்கினார். ஜிப்பை இழுத்தார். டவல், தண்ணீர் பாட்டில், புளிசாத டப்பா எல்லாவற்றையும் ஒதுக்கி, அடி வரைக்கும் விரித்துக் காட்டினார். பிறகு இரண்டு கைகளையும் லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றார் பாருங்கள்... எனக்கு அங்கேயே தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

யாராவது கேட்டார்களா?

இருபது வருஷமாக ஷிஃப்ட் முடிந்ததும் கம்பெனி கேட்டில் இதைத்தான் செய்கிறார். கேட்பதற்கு முன்பே திறந்துவிட்டால் வரிசை சீக்கிரம் நகருமாம். கல்யாண மண்டபத்தில்கூட ஒருமுறை மொய்க் கவரோடு பையைத் திறந்தவர்தான் இவர்.

வாட்ச்மேன் என்ன செய்வார், பாவம்? கேரட் கண்ணில் பட்டுவிட்டதே.

“ஹொரகடே தீனி பிடல்லா சார். ஒளகடே சிகுத்தே” என்றார். வெளித் தீனி விடமாட்டார்களாம், உள்ளேயே கிடைக்குமாம். கேரட் கட்டு அவர் நாற்காலிக்குக் கீழே போய்விட்டது. ஹரிணியின் கீழ் உதடு பிதுங்கியது.

“அழுவாத பாப்பா, உள்ளார வாங்கிக்கலாம்” என்றார் இவர்.

உள்ளே தீனி விற்கும் கவுன்ட்டரில் பூட்டுத் தொங்கியது. பெருக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் விசாரித்தால், “சண்டே மட்டும்தாம்மா தெறப்பாங்கோ” என்கிறார்.

முயல் கூண்டுக்கு முன்னால் பெங்களூர்க் குடும்பம் ஒன்று. அந்த அம்மாவின் ஹேண்ட்பேகிலிருந்து பிஸ்கட், வெள்ளரித் துண்டு, முட்டைக்கோஸ் இலை என்று வந்துகொண்டே இருக்கிறது. அவர்கள் பையன் சிரிக்கிறான், முயல்கள் அவன் விரலைச் சுற்றி மொய்க்கின்றன. ஹரிணி வெறும் கையைக் கம்பிக்குள் நீட்டினாள். ஒரு முயல் வந்து முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

“அவங்களுக்கு மட்டும் எப்பிடிம்மா?”

என்ன பதில் சொல்வது? அவர்கள் வீட்டில் யாருக்கும் பையைத் திறந்து காட்டும் பழக்கம் இல்லையடி என்றா?

“ஏங்க, போயி அந்த ஆள்கிட்ட கேட்டு வாங்கிக்கினு வாங்களேன். நாலு கேரட்டுதானே.”

“செக்யூரிட்டி எடுத்து வச்சத எப்பிடிப் போய்க் கேக்கறது? ரூலுன்னா ரூலுதான்.”

“தெறந்து காட்டச் சொல்லி ரூலு இருந்திச்சா?”

“நாம ஒண்ணும் திருடல இல்ல? அப்பறம் காட்டறதுக்கு என்னா?”

சொல்லிவிட்டுக் கூண்டைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் மேலா, கம்பெனி கேட் மேலா... பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

நான் கேட்டிருக்கலாமே என்பீர்கள். எனக்கு வாய் நான் எழுதும் இந்தப் பத்தியில் மட்டும்தான் என்பது உங்களுக்குத் தெரியாதா? ஸ்டாப் வந்துவிட்டதா என்று கண்டக்டரிடம் கேட்பதற்கே இரண்டு ஸ்டாப் யோசிக்கிறவள் நான். அந்தப் பெங்களூர் அம்மாவிடம் ஒரே ஒரு இலை கேட்கலாம் என்று பக்கத்தில் வரைக்கும் போனேன். போய்... சிரித்துவிட்டு வந்தேன்.

திரும்பிப் பார்த்தால் ஹரிணியைக் காணோம்.

வாசலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள். பின்னாலேயே நாங்கள் ஓடினோம். வாட்ச்மேன் எதையோ மென்றுகொண்டிருந்தார். கையில் பாதிக் கேரட்! இவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு எதிரில் நிற்கிறாள்.

“அங்கிள், நம் கேரட் கொடி. மொலக்கெ கொட்பேகு.”

எங்கள் கேரட்டைக் கொடுங்கள், முயலுக்குக் கொடுக்க வேண்டும் — வீட்டு ஓனர் பிள்ளைகளோடு விளையாடிக் கற்ற கன்னடம். இத்தனை வருஷமாக எங்கள் இரண்டு பேர் வாயிலும் நுழையாத பாஷை!

வாட்ச்மேன் மெல்வதை நிறுத்தினார். மீதிக் கட்டை அவள் கையில் வைத்தார். என் வீட்டுக்காரரைப் பார்த்துத் தமிழிலேயே சொன்னார்: “பைக்குள்ள வெச்சுக்கோ சார். யார்க்கும் காட்டாதே.”

இவர் தயங்கினார். நான் பிடுங்கிப் பையில் போட்டேன்.

பிஸ்கட் தின்று வயிறு புடைத்த முயல்களில் ஒன்றுகூட முதலில் எழுந்து வரவில்லை. ஹரிணி கை வலிக்க வலிக்க நீட்டியபடி நின்றாள். கடைசியில் காது மடிந்த ஒரு கிழட்டு முயல் நொண்டிக்கொண்டு வந்து, நுனியை ஒரே ஒரு கடி கடித்தது.

“அப்பா, தின்னுச்சுப்பா!”

அவர் அவளைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டார்.

ஒருவழியாகக் கிளம்பினோம். வாசலுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் நின்றார். பையை இறக்கினார். ஜிப்பை இழுத்தார். உள்ளே, மிச்சமிருந்த கேரட்.

வாட்ச்மேன் சட்டென்று பேப்பரைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டார்.