அச்சிலிருந்து எடுத்த நாமம்

எனக்காக ஜெபித்தவர்கள் கேட்டதால் இதை எழுதுகிறேன். 2006-ஆம் வருஷம் ஹைதராபாத்தில் எல்லோருக்கும் புது வேலை கிடைத்துக்கொண்டிருந்தது. இருந்த வேலையை விட்டுவிட்டு அழுதுகொண்டிருந்தவன் நான் ஒருவன்தான் என்று நினைப்பேன்.

சனத்நகரில் ஒரு பட்டறையில் பிளாஸ்டிக் சாமான் வார்க்கும் எஃகு அச்சுகளை வெட்டுகிறவனாக இருந்தேன். ஒருநாள் சோறு வடிக்கும்போது மூடி நழுவி, கொதிகஞ்சி என் மனைவி எஸ்தரின் கையில் கொட்டிவிட்டது. அவள் பட்ட பாட்டைப் பார்த்துத்தான், மூடியையும் பானையையும் சேர்த்துக் கவ்வுகிற ஒரு பிளாஸ்டிக் பிடியை யோசித்தேன். ஆண்டவரே, கை நல்லபடி ஆறினால் உம்முடைய நாமத்தை அதில் போடுகிறேன் என்று பொருத்தனை செய்தேன். ஆறியது. பிடி வார்க்கும் எஃகு அச்சிலேயே ‘கர்த்தர் துணை’ என்று வெட்டினேன். ஒவ்வொரு பிடியிலும் அந்த எழுத்து புடைத்து நிற்கும். வாசல் நிலையிலும் ஆட்டோவிலும் நாம் எழுதுகிறோமே, அதுபோலத்தான் எனக்குப் பட்டது.

வேலையை விட்டு, ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்துப் பிடிகள் செய்தேன். கடை கடையாக ஏறினேன். ஒற்றைச் சாமானோடு வருகிற தனி ஆளைப் பெரிய கடைகளில் உட்காரக்கூடச் சொல்லவில்லை. கடைகளுக்கு ஏற்கெனவே சரக்குப் போடுகிற கம்பெனிக்கு லைசென்ஸ் கொடுத்துவிடு, அவர்கள் செய்து விற்பார்கள், உனக்கு ராயல்டி வரும் என்று ஒரு நண்பர் சொன்னார். பாலாநகரில் சமையல் சாமான் செய்கிற ஒரு கம்பெனிக்குப் போனேன். மேனேஜர் பிடியைப் பானையில் மாட்டிக் கவிழ்த்துப் பார்த்தார். அவருக்குப் பிடித்துவிட்டது. பிறகு எழுத்தைத் தடவி, இது என்ன என்று கேட்டார். சொன்னேன்.

“பேரு தீசேயண்டி,” என்றார். பெயரை எடுத்துவிட்டால் மேலே பேசலாமாம். முடியாது என்று எழுந்து வந்துவிட்டேன்.

“அவருக்குத் தமிழ் வாசிக்கவா தெரியும்? கம்பெனி பேருன்னு சொல்லிருக்கலாம்லா,” என்றாள் எஸ்தர். என்னைச் சிரிக்கவைக்கத்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கொட்டகைக்காரர் காலி பண்ணச் சொல்லி வந்து, “நக்கோ பாய், இனி டைம் கேக்காதீங்க, இங்க அபார்ட்மெண்ட் வருது,” என்றார். பழைய இரும்பு வாங்குகிறவர் அச்சை எடைக்குக் கேட்டார். பட்டறையில் என் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார். வீட்டுக்குப் போகப் பயந்து, திருமுல்கேரி ஸ்டாப்பில் இறங்காமல் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருப்பேன். செத்துப்போனால் தேவலை என்றுகூட நினைத்தேன். ஆண்டவரே, உம்முடைய நாமத்துக்காகத்தானே நிற்கிறேன், எனக்கு மட்டும் ஏன் இப்படி என்று கேட்டேன்.

ஒருநாள் நாங்கள் இருவரும் ஜெபத்துக்கு உட்கார்ந்தபோது எஸ்தர் தன் கையை என் முன்னால் நீட்டினாள்.

“பேரை வெட்டுன பெறவா இது ஆறுச்சு? அதுக்கு முன்னாலயே ஆத்துனவரு அவரு. எடுத்தா போயிருவாராக்கும்?”

உமக்குச் சித்தமானால் இதை வாழவையும், இல்லையென்றால் என்னைத் தாங்கும் என்று மட்டும் ஜெபித்தேன்.

மறுநாள் எழுத்தைச் செதுக்கி எடுக்க, அழுதுகொண்டேதான் மில்லிங் மெஷினில் அச்சை ஏற்றினேன். எழுத்து இருந்த இடம் நீளமான குழியாயிற்று. வெல்டிங் வைத்து அடைத்தால் அச்சு கோணிவிடும். அதனால் குழிக்கு அளவாக ஓர் எஃகுத் துண்டு செய்து, பின்னாலிருந்து திருகு போட்டு முடுக்கினேன். பெயரில்லாமல் சில பிடிகள் வார்த்துப் பார்த்துவிட்டு மேனேஜருக்குச் சொல்லியனுப்பினேன்.

அவர் கொட்டகைக்கே வந்தார். பிடியைவிட அந்தத் திருகைத்தான் நெடுநேரம் பார்த்தார். இதைக் கழற்றி வேறு பெயர் மாட்டலாமா என்று கேட்டார். மாட்டலாம் என்றேன். பெரிய கடைகள் ஒவ்வொன்றும் தன் பெயரைப் போட்டுத்தான் சாமான் கேட்கிறதாம். கடைக்கு ஓர் அச்சு வெட்டிக் கட்டுப்படியாகாமல் அவர்கள் தவித்துக்கொண்டிருந்தார்களாம். அந்த வாரமே லைசென்ஸில் கையெழுத்தாயிற்று. எடைக்குப் போக இருந்த அச்சு, கம்பெனி வண்டியில் பாலாநகருக்குப் போனது.

நான் அழுதுகொண்டே தோண்டிய குழியில்தான் என் ஆண்டவர் பதிலை வைத்திருந்தார். பிரியமானவர்களே, எதையாவது விட்டுக்கொடுக்கச் சொன்னால் என்னைப்போல் முரண்டு பிடிக்காதீர்கள். நம்பிக் கொடுங்கள்.

இப்போது அந்தப் பிடி பல கடைகளில், பல பெயர்களில் இருக்கிறது. எங்கள் வீட்டில் பெயரில்லாத அந்த முதல் பிடிதான். அதை மாட்டிப் பானையைக் கவிழ்க்கும்போதெல்லாம் எஸ்தர், “கர்த்தர் துணை” என்று சொல்லிக்கொள்கிறாள்.