கொசுறாக வந்த தட்டு

ஐம்பது கோபெக் சில்லறைக்கு ஒரு மனிதனின் இரண்டு கைகளை வாங்கியவன் நான். சிரிக்காதீர்கள். கதை கட்டவில்லை. லெனின்கிராடில், 1951 ஜூனில், எனக்கே நடந்தது.

அரசு தடையால் ஜாஸ் இசைத்தட்டு கடையில் கிடைக்காத காலம். ஆஸ்பத்திரி கழித்துப் போடும் எக்ஸ்ரே படங்களை வட்டமாக வெட்டி, நடுவில் சிகரெட்டால் துளையிட்டு, அதில்தான் இசையைப் பதிவு செய்வோம். எலும்புத் தட்டு என்பார்கள். யாருடைய எலும்பு என்று கேட்பது தொழிலில் வழக்கமில்லை. ஒடெஸ்ஸா சந்தையில் பிறந்து, பேரத்தகராறிலேயே முன்பல் இரண்டை இழந்தவன் நான், சும்மா விடுவேனா? ஆஸ்பத்திரி வேலையாள் ப்ரோஹோரிடம் கைகள் படத்தோடு ஒரு மண்டை ஓட்டுப் படத்தையும் கொசுறாகப் பிடுங்கினேன்.

பியானோ வாசித்தவன் என் நண்பன் கேஷா. ஓட்டலில் ஃபாக்ஸ்டிராட் என்ற தடைபட்ட மேல்நாட்டு நடன இசையை 'வேக நடனம்' என்று பெயர் மாற்றி வாசித்து, அதிகாரிகளிடம் இரண்டு முறை மாட்டியவன். மூன்றாவது முறை மாட்டினால் விரல் இருக்காது என்று சொல்லியிருந்தார்கள். டிராம் கதவில் நசுங்கிய அவனது இடது சுண்டுவிரல் கொக்கிபோல் வளைந்திருக்கும்.

லெனின்கிராடுக்கே உரிய, இருட்டாத ஜூன் இரவு. கேஷாவின் அறையில், கைகள் படத்தில் பதிவு முடிந்தது. போட்டுக் கேட்டோம்.

பியானோ அருமை. திடீரென்று...

டம்!

பியானோ மூடி அறைந்த சத்தம். பிறகு ஓர் ஆண்குரல். "ஒண்ணு."

டம்! "ரெண்டு."

"யாருடா அது? நாம ரெண்டு பேர்தானே இருந்தோம்!"

"உன் எலும்புக்காரன்தான். காசு பத்தலைன்னு எண்ணிப் பாக்குறான் போல, சந்தைக்காரா!" கேஷா சிரித்தான். உதடு மட்டும் சிரித்தது.

எட்டு வரை எண்ணியது. எட்டாவதோடு ஓர் அலறல்.

கேஷாவின் குரல்.

மணி 2.10. கதவு இடிபட்டது.

"ஸ்யோமா, தட்டை எடுத்துக்கிட்டு அலமாரிக்குள்ள போடா!" கேஷா என்னைத் தள்ளினான்.

போனேன். இடுக்கு வழியே பார்த்தேன். மூன்று பேர். இருவர் அவன் மணிக்கட்டுகளைப் பியானோ கட்டைகள்மேல் அழுத்தினார்கள். மூன்றாமவன் மூடியைத் தூக்கினான்.

"வேக நடனம் ஆடலாமா, பியானோக்காரரே?"

டம்!

"ஒண்ணு."

அதே குரல்... அதே சத்தம். ஒவ்வொரு விரலாக. கட்டையெல்லாம் ரத்தம். நானும் வாய்க்குள் எண்ணினேன்...

எட்டு.

அலறல்.

போய்விட்டார்கள்.

கேஷா பிழைத்தான். மறுவாரம் அவன் கைகளின் எக்ஸ்ரேயை ப்ரோஹோர் காட்டினான். என் தட்டை அதன்மேல் வைத்தேன். எட்டு முறிவும் இம்மி பிசகாமல் பொருந்தின. வளைந்த சுண்டுவிரலும்.

"எனக்கு வித்தியே, அது எப்ப எடுத்த படம்?"

"போன குளிர்காலத்துக் கட்டுல கிடந்துச்சுண்ணே. ஏன்?"

உடைந்த விரல் எட்டு. தட்டில் எட்டு. அந்தக் கணக்கு நேர்.

கொசுறாக வந்த மண்டை ஓட்டுப் படத்தை அன்றுதான் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நெற்றியில் ஒரு துளை. நான் சிகரெட்டால் போட்டதல்ல. மேல்வரிசையில் முன்பல் இரண்டு இல்லை.

நாக்கு தானாகப் போய் என் ஈறைத் தொட்டது.

நெற்றித் துளை மட்டும் பாக்கி.