ஓடுதளத்தில் பரப்பிய கேழ்வரகு

சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரன் எங்கள் வயல்களைப் பிடுங்கிப் போட்ட விமான ஓடுதளம், அவன் போன பிறகு எங்களுக்குக் களமானது. கேழ்வரகுக் கதிரை அதன்மேல் பரப்புவோம். லாரிச் சக்கரம் ஏறினால் தானியம் உதிரும்.

ஐம்பதுகளில் ஒருநாள் பட்டாளத்து அதிகாரிகள் வந்தார்கள். இரண்டு அயல்நாட்டுக் கம்பெனி விமானங்களில் எது தரையிறங்கிச் சீக்கிரம் நிற்கிறதோ அதைத்தான் வாங்குவார்களாம். மிச்ச நிலத்தையும் பிடுங்க வந்திருக்கிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன்.

அவர்கள் கூடாரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது என் மச்சான் கதிரைப் பரப்பிவிட்டார். முதல் விமானம் அதில் வழுக்கி, அவர்கள் போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி, வரப்பில் முட்டி நின்றது. அதிகாரி நேராக மச்சானிடம் வந்தார்.

"இன்னொரு கம்பெனிக்காரன் உனக்கு என்ன கொடுத்தான்?"

"யாரும் டப்பு குடுக்கல சார். லாரியவிட இது வெயிட்டாச்சே, நல்லா உதிரும்னு போட்டேன்."

அவர் நம்பவில்லை. தளத்தைப் பெருக்கிவிட்டு இரண்டாவதை இறக்கினார்கள். அது கோட்டுக்குள்ளேயே நின்றது. அவருடைய சந்தேகம் உறுதியாகிவிட்டது. மச்சானை மாலைவரை உட்கார வைத்து விசாரித்தார்கள்.

கடைசியில் அந்த இரண்டையுமே வாங்கவில்லை என்று பேப்பரில் பார்த்தேன். வாங்கியது மூன்றாவதாக ஒன்று. அது சோதனைக்கு எங்கள் ஊர்ப் பக்கமே வந்ததில்லை. அதற்காக எவன் எங்கே கதிர் பரப்பினான் என்று யாரையும் உட்கார வைத்து விசாரித்ததாகப் பேப்பரில் இல்லை.