மகனுக்குப் பதிலாக வந்தவர்

குடியை விட நினைப்பவர்கள் ஞாயிறு மதியம் மாதா கோயில் பள்ளியில் கூடுகிறார்கள் என்று மட்டும் தெரியும். தொண்ணூறுகளின் கடைசி. நானோ திண்டுக்கல்லில் நாலு பேருக்குத் தெரிந்த வாத்தியார். எந்த அறை என்று யாரிடம் கேட்பது? மூன்றாவது முறையாகப் பள்ளியைச் சுற்றியபோது, காலிப் பூக்கூடையோடு வந்த ஒருவர், "கூட்டத்துக்குத்தான சார்? வாங்க, நானும் அங்கதான் போறேன்" என்றார்.

வடமதுரைப் பக்கம் மல்லிகை போடுகிறவர். மெலிந்து கறுத்த உடம்பு. வகுப்பறை வாசலில் செருப்பைக் கழற்றி, தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் உள்ளே நுழைவார். அங்கே யாரும் பெயர் கேட்பதில்லை. தன் முறை வந்ததும் எழுந்து, "நான் குடிகாரன். இந்த வாரம் குடிக்கல" என்று கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

ஆறு மாதம் கழித்து, பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் அவரிடம் கேட்டேன்: "நீங்க விட்டு எத்தனை வருசம் ஆச்சு?"

"நான் தொட்டதே இல்ல சார். குடிக்கிறது என் மகன். கூப்பிட்டா வர மாட்டேங்கிறான். அவனுக்காக நான் வாரேன்."

"நீங்க வந்தா அவருக்கு எப்படி விடும்?"

"சின்னதுல அவன் காய்ச்சல்ல கெடந்தப்ப பழனிக்கு நான்தான காவடி எடுத்தேன்? அவனுக்குச் சரியாப் போகலையா?"

கூட்டத்தில் அவர் சொன்னது பொய்யா, வேண்டுதலா?

மகன் விட்டாரா என்று கேட்க எனக்குக் கடைசிவரை தைரியம் வரவில்லை. ஏனென்றால், நான் விட்டுவிட்டேன். அவர் மகனுக்குக் கிடைக்க வேண்டியதை நான் வாங்கிக்கொண்டேனோ என்று இன்றும் குழம்புகிறேன்.